மூடுவதற்கு முன் பார்! – கொத்தனாரிடம் மென்பொருள் மாணவன் கற்க வேண்டிய பாடங்கள்

மூன்றாமாண்டு மாணவன், கணிப்பொறிப் பொறியியல் பட்டயப் பிரிவு



நம் கல்லூரியில் சிவில் பிரிவு ஒரு பக்கம், கம்ப்யூட்டர் பிரிவு மறு பக்கம். கேண்டீனில் மட்டும்தான் சந்திப்பு. "நீங்க மண்ணு, சிமெண்டுலயே கெடங்கடா, நாங்க ஏ.சி. லேபுல இருக்கோம்" என்று நாங்கள் கிண்டல் செய்வதும், "கரண்டு போனா உங்க படிப்பே போச்சுடா" என்று அவர்கள் திருப்பிக் கொடுப்பதும் வாடிக்கை. அந்தக் கிண்டலில் நானும் கலந்துகொண்டவன்தான். இன்று இந்த ஆண்டு மலரில் சிவில் நண்பர்களிடம் பகிரங்கமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். எங்கள் பாடப்புத்தகம் சொல்லியும் மண்டையில் ஏறாத ஒரு விஷயம், ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தில்தான் எனக்கு ஏறியது.

யோசித்துப் பாருங்கள். எங்கள் துறையில் புழங்கும் சொற்களில் பல, கட்டடத் தொழிலிலிருந்து கடன் வாங்கியவை. மென்பொருளை 'பில்ட்' செய்கிறோம். அதன் அமைப்பை 'ஆர்க்கிடெக்சர்' என்கிறோம். 'பிரேம்வொர்க்' என்கிறோம், 'பிளாட்பாரம்' என்கிறோம். இந்தக் கடன் இன்று நேற்று வாங்கியதல்ல. 1968-இல் ஜெர்மனியிலுள்ள கார்மிஷ் என்ற ஊரில் நேட்டோ அமைப்பு கூட்டிய மாநாடு 'மென்பொருள் பொறியியல்' என்பதையே தன் தலைப்பாக வைத்துக்கொண்டது. அப்போது பெரிய மென்பொருள் வேலைகள் சொன்ன தேதிக்கு முடியவில்லை. செலவு எகிறியது. முடிந்தவற்றிலும் பிழை மலிந்து கிடந்தது. மற்றப் பொறியியல் துறைகளில் இருக்கும் ஒழுங்கு நமக்கும் வரவேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் அந்தப் பெயரையே வைத்தார்கள்.

சரி, சொற்களைக் கடன் வாங்கிவிட்டோம். பழக்கங்களைக் கடன் வாங்கினோமா? இதுதான் என் கேள்வி.

ஒரு சனிக்கிழமைக் கதை

என் தாய்மாமா மதுரையில் மேஸ்திரி. சென்ற ஆண்டு ஊமச்சிகுளம் பக்கம் ஒரு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். "மருமகனே, கம்ப்யூட்டர் படிக்கிறேன்னு சொல்ற. சனிக்கிழமை சம்பளக் கணக்கு போட ஒரு புரோகிராம் எழுதிக் குடேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதன்முதலாக ஒருவர் என்னிடம் மென்பொருள் கேட்கிறார்! இரண்டு நாளில் எழுதி, அவர் செல்போனிலேயே ஓடும்படி வைத்துக் கொடுத்தேன். யார் எத்தனை நாள் வேலை பார்த்தார்கள் என்று தட்டினால் சம்பளம் வரும். அரை நாள் என்றால் 5.5 என்று தட்ட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "மாப்ளே, அந்தப் புள்ளி வைக்கிறதுதான் சிக்கல். சிமெண்டுக் கையில சரியா விழ மாட்டேங்குது. காலையில ஒரு தட்டு, மத்தியானம் ஒரு தட்டுன்னு வச்சுக் குடுத்துரு." மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதே பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டேன். ஒரு தட்டு என்பது அரை நாள். வாரத்துக்கு 12 தட்டு. மொத்தத் தட்டுகளை 2-ஆல் வகுத்தால் நாள் கணக்கு. 12 போட்டுப் பார்த்தேன், 6 வந்தது. 10 போட்டேன், 5 வந்தது. அனுப்பிவிட்டேன்.

நான்கு சனிக்கிழமை போயின. ஐந்தாவது சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். சம்பளம் வாங்கிய சித்தாள் அக்கா ஒருவர் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் இங்கிட்டு வாங்க." மாடிப்படிக்குக் கீழே, பூசாத சுவரில் அடுப்புக்கரியால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். நீளக்கோடு முழு நாள், குட்டைக்கோடு அரை நாள். "நான் எழுதப் படிக்கத் தெரியாதவ. ஆனா இந்தக் கோடு தப்பாது. உங்க மிஷினு அரை நாளைத் தின்னுருச்சு தம்பி" என்றார்.

நண்பர்களே, உங்களில் சி மொழி படித்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதி கழிந்துபோகும். 11-ஐ 2-ஆல் வகுத்தால் 5.5 வராது, 5-தான் வரும். முதலாமாண்டில் இதற்கு நான் இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்! கொத்தனார்களுக்கு முழு நாள் வேலை என்பதால் அவர்கள் கணக்கு சரியாக வந்தது. அடி விழுந்தது ஆறு சித்தாள்களுக்கு. நான்கு வாரத்தில் மொத்தம் 13 அரை நாள். ஒரு அரை நாளுக்கு 300 ரூபாய் வீதம் 3,900 ரூபாய். அந்த அக்காவுக்கு மட்டும் 900.

மாமா அன்று மாலையே பாக்கியைக் கொடுத்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மாத்துன பெறகு, மூடுறதுக்கு முன்னாடி யாருக்காச்சும் காட்டுனியா மாப்ளே?"

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியின் விளக்கமே எனலாம்.

பாடம் 1: மண்ணைப் பார்த்து அஸ்திவாரம்

மதுரையைச் சுற்றி எங்கும் ஒரே மண் கிடையாது. மேலூர் பக்கம் போனால் செம்மண். திருமங்கலம், கல்லுப்பட்டி பக்கம் போனால் கரிசல். கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கி வெடிக்கும். செம்மண்ணில் போடும் அதே அஸ்திவாரத்தைக் கரிசலில் போட்டால், இரண்டு கோடை தாண்டுவதற்குள் ஜன்னல் மூலையில் விரிசல் ஓடும். அதனால்தான் கரிசல் காட்டில் ஈரம் அதிகம் மாறாத ஆழம் வரை குழி இறக்கி, அடியில் குமிழ் போல அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புகிறார்கள். இதற்கு 'அண்டர் ரீம்டு பைல்' என்று பெயர். வழக்கமாக 3.5 மீட்டர் அளவுக்கு இறங்கும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்காகவே வளர்த்தெடுத்த முறை இது.

மென்பொருளுக்கு மண் எது? அதைப் பயன்படுத்தப்போகும் ஆட்களும், அவர்கள் அன்றாடம் வேலை செய்யும் விதமும்தான். நான் சம்பளப் புரோகிராம் எழுதும் முன் ஒரு சனிக்கிழமையாவது அங்கே போய் உட்கார்ந்தேனா? இல்லை. போயிருந்தால் சித்தாள்களுக்கு அரை நாள் வேலை எவ்வளவு சகஜம் என்று கண்ணாலேயே தெரிந்திருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரை நாள், ரேஷன் கடை வரிசை என்றால் அரை நாள். என் புரோகிராமில் அரை நாள் என்பது எப்போதோ வரும் விதிவிலக்கு. அவர்கள் வாழ்க்கையில் அதுதான் மண். மண் பார்க்காமல் அஸ்திவாரம் போட்டவன் நான்.

புராஜெக்ட் செய்யும் நண்பர்களுக்குச் சொல்கிறேன். 'தேவைகள் அறிக்கை' என்ற அத்தியாயத்தை சீனியரிடமிருந்து வாங்கிக் காப்பி அடிக்காதீர்கள். அது பக்கத்து வீட்டு மண் பரிசோதனை அறிக்கையை வாங்கி நம் வீட்டுக்கு வைப்பது போல!

பாடம் 2: மூடுவதற்கு முன் பார்

மேல்தளம் போடும் நாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கரண்டு பைப் பதித்து எல்லாம் தயாராக இருக்கும். கலவை மிஷின் வந்து நிற்கும். ஆனால் எஞ்சினியர் வந்து மேலே ஏறி ஒரு சுற்று சுற்றாமல் கான்கிரீட் விழாது. கம்பி இடைவெளி சரிதானா, கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறதா, முட்டு அசைகிறதா என்று பார்ப்பார். ஏன்? கான்கிரீட் கொட்டி மூடிவிட்டால் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது. அதற்குப் பிறகு உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அத்தோடு விடுவதில்லை. கொட்டுகிற கலவையிலேயே கொஞ்சம் எடுத்து 15 சென்டிமீட்டர் கன அச்சில் வார்த்து, 28-ஆம் நாள் மிஷினில் வைத்து நொறுக்கி, எவ்வளவு பளு தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். முட்டை எடுப்பதற்கும் கணக்கு இருக்கிறது. சாதாரண சிமெண்டுக்கு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் என்று ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு குறைந்தபட்ச அளவு சொல்கிறது. "வீட்டுக்காரர் அவசரப்படுறார்" என்பதற்காக ஒரு நல்ல மேஸ்திரி முட்டை உருவ மாட்டார்.

நம் பக்கம் பாருங்கள். நாம் எழுதிய ஃபங்ஷனை மற்ற நிரலோடு சேர்ப்பதுதான் கான்கிரீட் கொட்டுவது. சேர்த்துவிட்டால் அது உள்ளே மூடிப்போகிறது. அதன்மேல் இன்னும் பத்து ஃபங்ஷன் உட்கார்ந்துவிடும். ஆகவே சேர்ப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, பக்கத்து நண்பனை உட்கார வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டுவது. இரண்டு, அந்தச் சிறு துண்டைத் தனியாக எடுத்து நொறுக்கிப் பார்ப்பது.

நொறுக்குவது என்றால் நிஜமாகவே நொறுக்க வேண்டும். கன அச்சுக்கு நல்ல கலவையாகப் பார்த்துப் பொறுக்கி எடுப்பவன் சோதனை செய்யவில்லை, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான். நான் 12-ஐயும் 10-ஐயும் போட்டுப் பார்த்தது அப்படித்தான். 11 போட்டிருந்தால் அந்த பஸ் ஸ்டாண்டிலேயே பிடிபட்டிருக்கும். பூஜ்யம், ஒன்று, ஒற்றைப்படை எண், இருக்கக்கூடிய ஆகப்பெரிய எண், அதற்கும் மேலே ஒன்று: இவற்றைப் போட்டுப் பார்த்த பிறகே 'சரி' என்று சொல்ல வேண்டும்.

கட்டடத் தொழிலில் எல்லாம் எப்போதும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. விதிகள் புத்தகத்தில் இருந்தால் போதாது, தளத்தில் நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பாடம் 3: 'சின்ன மாற்றம்' என்று ஒன்று கிடையாது

1981 ஜூலை 17. அமெரிக்காவின் கான்சஸ் நகரிலுள்ள ஹயாத் ரீஜன்சி ஓட்டலில், பெரிய கூடத்தின் குறுக்கே கூரையிலிருந்து தொங்கிய நடைபாதைகள் அறுந்து விழுந்து 114 பேர் இறந்தனர். காரணம் தெரிந்தால் நமக்குத் தூக்கம் வராது.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நடைபாதைகள். முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி மேல் நடைபாதையைத் துளைத்துக்கொண்டு கீழ் நடைபாதை வரை போகிறது. இரண்டும் தனித்தனியாக அந்தக் கம்பியில் தொங்கும். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை போட்டு மாட்டுவது தொல்லை என்று வேலை நடக்கும்போது மாற்றினார்கள். கூரையிலிருந்து மேல் நடைபாதைக்கு ஒரு கம்பி, மேல் நடைபாதையிலிருந்து கீழ் நடைபாதைக்கு இன்னொரு கம்பி. பார்வைக்கு ஒன்றும் வித்தியாசமில்லை.

ஆனால் கிணற்றுக் கயிற்றைப் பிடித்து இரண்டு பையன்கள் தொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கயிற்றைப் பிடித்திருந்தால் அவரவர் கைக்கு அவரவர் பாரம். கீழே இருப்பவன் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவன் காலைப் பிடித்தால்? மேலே இருப்பவன் கைக்கு இரட்டைப் பாரம். ஹயாத்தில் நடந்தது அதுதான். மேல் நடைபாதையின் பிணைப்பு இருமடங்குப் பளுவைச் சுமந்தது. முதல் வரைபடமே விதி கேட்ட பலத்தில் குறைவாக இருந்தது வேறு விஷயம். மாற்றத்துக்குப் பிறகு யாரும் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போடவில்லை. பொறுப்பான பொறியாளர்கள் இருவர் மிசௌரி மாநிலத்தில் தங்கள் தொழில் உரிமத்தை இழந்தனர்.

புள்ளியை எடுத்துவிட்டுத் தட்டு வைத்ததும் இதே ஜாதிதான். உபயோகிப்பவருக்கு வசதி, பார்வைக்குச் சிறியது. உள்ளே பாரம் போகும் வழியே மாறிவிட்டது! பின்னமாக இருந்த எண் முழு எண்ணாகிவிட்டது. மாற்றம் கேட்டது மாமாவின் தப்பல்ல. மாற்றிய பிறகு கணக்கைத் திரும்பப் போடாதது என் தப்பு. எனவே ஒரு வரி மாற்றினாலும் பழைய சோதனைகள் அத்தனையையும் மறுபடி ஓட்டுங்கள். கம்ப்யூட்டர்தானே ஓட்டப்போகிறது, நமக்கென்ன கை வலியா?

பாடம் 4: பழைய கல்லைப் புது இடத்தில் வைக்கும்போது

நம் திருமலை நாயக்கர் மகால் 1636-இல் எழுந்தது. சொர்க்க விலாசத்தின் குவிமாடத்தைத் தலை தூக்கிப் பாருங்கள். இரும்பு உத்தரம் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் வளைவின் பலத்தில் நிற்கின்றன. இன்று நாம் பார்ப்பது அந்த அரண்மனையின் ஒரு பகுதிதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பல பகுதிகளைப் பிரித்து எடுத்துப் போனார். மிஞ்சியதில் பெரும்பகுதி சிதைந்து, பின்னர் சென்னை மாகாண கவர்னராக (1866–72) இருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் பழுது பார்க்கப்பட்டது. பிரித்த கல்லை வண்டியில் ஏற்றலாம். அந்தக் கல் எந்தப் பளுவுக்காக எந்த இடத்தில் நின்றதோ அந்தக் காரணத்தை வண்டியில் ஏற்ற முடியாது.

மென்பொருளில் இதற்குப் பெரிய உதாரணம் ஐரோப்பாவின் ஏரியேன் 5 ராக்கெட். 1996 ஜூன் 4 அன்று முதன்முதலாகக் கிளம்பி, 40 விநாடிக்குள் வழி தவறிச் சிதறியது. ஏரியேன் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரலின் ஒரு பகுதியை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட் பழையதைவிடப் பக்கவாட்டில் வேகமாகப் போகும். அந்த வேகத்தோடு சேர்ந்த ஒரு 64 பிட் பின்ன எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளாமல் வழிந்தது. கணிப்பொறி நின்றது. மாற்றுக்கு வைத்திருந்த இன்னொரு கணிப்பொறியிலும் அதே நிரல், ஆகவே அதுவும் நின்றது. இதில் வேதனை என்னவென்றால், புறப்பட்ட பிறகு அந்தக் கணக்கே ஏரியேன் 5-க்குத் தேவைப்படவில்லை.

என் சம்பளக் கணக்கில் அரை நாள் தொலைந்தது, அங்கே ஒரு ராக்கெட் தொலைந்தது. இரண்டிலும் வில்லன் பின்னத்தை முழு எண்ணாக மாற்றிய இடம்தான்!

அப்படியானால் பழையதை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். எதை எடுப்பது என்பதைக் கட்டடக் கலைஞர் ஒருவரே காட்டிக் கொடுத்தார். கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்பவர் 1977-இல் தம் குழுவினரோடு ஒரு நூல் வெளியிட்டார். கட்டடங்களிலும் ஊர்களிலும் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களையும் அவற்றுக்கான தீர்வுகளையும் 253 'பேட்டர்ன்'களாக அதில் தொகுத்திருந்தார். நம் ஊர்த் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் விடாமலும் வெளியே நிறுத்தாமலும் வந்தவரை உட்கார வைக்க வேண்டும் என்ற சிக்கலுக்குத் திண்ணை தீர்வு. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையும் ஒரே அளவில் இல்லை, ஆனால் காரணம் ஒன்றே. இந்த யோசனையை மென்பொருளாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1994-இல் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடஸ் என்ற நால்வர் வெளியிட்ட 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல் 23 பேட்டர்ன்களைச் சொல்லி, உலகம் முழுக்கப் பாடமாயிற்று. ஆக, கல்லைத் தூக்காதே, காரணத்தைத் தூக்கு! இணையத்தில் கிடைக்கும் நிரலை ஒட்டும்போதும், இன்று செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரலை ஒட்டும்போதும், அது எந்த மண்ணுக்கு எழுதியது என்று ஒரு தடவை கேளுங்கள்.

பாடம் 5: தேர் ஓடும் வழியை மாற்றாதே

மதுரையின் வீதி அமைப்பு நமக்கெல்லாம் மனப்பாடம். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்று. வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, தெருக்களை அமைத்தார்கள். அந்த வேலையில் முன்நின்ற மாரட்டின் பெயரிலும் பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. நண்பர்களே, ஒரு மேஸ்திரியின் பெயரில் தெரு இருக்கும் ஊர் நம் ஊர்!

இதில் எங்கள் துறைக்கு என்ன பாடம்? ஊர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினார்கள். காலத்துக்கு ஒவ்வாத சுவரை எடுத்தார்கள், ஆனால் உள்ளே சித்திரைத் தேர் ஓடும் மாசி வீதிகளைக் குலைக்கவில்லை. வங்கியிலும் ரயில்வேயிலும் ஓடும் பழைய மென்பொருளை மாற்றும் வேலைதான் நம்மில் பலருக்கு நாளை கிடைக்கப்போகிறது. "பழசை எல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிருவோம்" என்று முதல் நாளே குதிக்கக் கூடாது. மற்றவர்கள் எதை நம்பி வந்து போகிறார்களோ அந்தத் தேர் வழி எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதை அசைக்காமல், தூர்க்க வேண்டிய அகழியைத் துண்டு துண்டாகத் தூர்க்க வேண்டும்.

பாடம் 6: கட்டி முடித்த அன்று வேலை தொடங்குகிறது

கோபுரத்தைக் கட்டியவர்கள் கனமான கருங்கல்லைக் கீழேயும், பாரம் குறைந்த செங்கல், சுதை வேலையை மேலேயும் வைத்தார்கள். அப்படி யோசித்துக் கட்டியதையும் சும்மா விட்டுவிடவில்லை. சுதை உதிரும், வண்ணம் மங்கும், இடுக்கில் பறவை போட்ட விதையில் அரசங்கன்று முளைக்கும். அதனால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு என்று முன்னோர் ஒரு முறை வைத்தார்கள். பராமரிப்பையே திருவிழாவாக்கிவிட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

கட்டடம் ஒன்றுக்காகக் கட்டப்படும், காலப்போக்கில் வேறொன்றுக்குப் பயன்படும். அதையும் கவனிக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபம் கடைகளுக்காகக் கட்டியதல்ல. 2018 பிப்ரவரி 2 இரவு அங்கிருந்த கடைகளில் தீப்பிடித்து, நூற்றாண்டுகள் நின்ற கல் தூண்களும் கூரையும் வெடித்துச் சரிந்தன. பத்துப் பேருக்கென்று எழுதிய மென்பொருளைப் பத்தாயிரம் பேர் பயன்படுத்தத் தொடங்கும்போது, விளையாட்டாக எழுதியதில் யாரோ பணக்கணக்கு வைக்கும்போது, இந்த மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஒப்பிடக் கூடாது?

ஒப்பீடு எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டடத்தில் வரைவது ஒருவர், கட்டுவது நூறு பேர். நமக்குக் கட்டுகிற வேலை 'கம்பைல்' பொத்தானோடு முடிகிறது. அதற்குச் சித்தாளும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். அப்படிப் பார்த்தால் நாம் எழுதும் நிரல் செங்கல் அல்ல, அதுவே வரைபடம். வீட்டைக் கட்டிய பிறகு சுவரை நகர்த்த முடியாது, நாமோ நகர்த்தலாம். கொஞ்சம் கட்டி, காட்டி, கேட்டு, மாற்றி மீண்டும் கட்டலாம். இந்தச் சௌகரியம் கொத்தனாருக்கு இல்லை.

ஆனால் இதே சௌகரியம்தான் நம் ஆபத்தும். ஒரு வீட்டில் கம்பி குறைந்தால் அந்த ஒரு வீட்டுக்குத்தான் விரிசல். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கோப்பைச் சரிபார்க்க வேண்டிய நிரலிலேயே ஓட்டை, போதாததற்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியாயிற்று. முதலில் ஒரு அறைக்குத் தளம் போட்டு முட்டு எடுத்துப் பார்க்கலாம் என்ற நிதானம் அங்கே இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சுவர் கோணினால் தூக்குக்குண்டு காட்டிக் கொடுக்கும், தளம் சரிந்தால் ரசமட்டம் காட்டிக் கொடுக்கும். விரிசல் கண்ணுக்குத் தெரியும். நம் விரிசல் தெரியாது. பார்வைக்கு அழகாக, கலர் கலராக, ரசீது அச்சடித்துக்கொண்டே ஆறு பேரின் கூலியைத் தின்றுகொண்டிருந்தது என் புரோகிராம். கண்ணுக்குத் தெரியாத வேலை செய்பவனுக்குத்தான் தூக்குக்குண்டு அதிகம் தேவை.

நாம் செய்ய வேண்டியவை

இந்த ஆண்டு புராஜெக்ட் செய்யப்போகும் அத்தனை பேருக்கும் என் வேண்டுகோள் இவை:

1. எழுதத் தொடங்கும் முன், அதைப் பயன்படுத்தப்போகிறவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள்.

2. ஒவ்வொரு பகுதியையும் மற்றதோடு சேர்க்கும் முன் வேறொருவர் கண்ணில் படவிடுங்கள்.

3. சரியாக வரும் எண்ணைப் போட்டுப் பார்க்காதீர்கள். தப்பாக வரக்கூடிய எண்ணைத் தேடிப் பிடித்துப் போடுங்கள்.

4. மாற்றம் சிறியதாக இருந்தாலும் சோதனை முழுதாக இருக்கட்டும்.

5. பணம், மருந்து, மதிப்பெண் சம்பந்தப்பட்ட கணக்கு என்றால், கம்ப்யூட்டருக்கு வெளியே இன்னொரு கணக்கும் கொஞ்ச நாள் ஓடட்டும். அடுப்புக்கரிக் கோடாக இருந்தாலும் பரவாயில்லை.

6. செய்து கொடுத்த பிறகு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள்.

வரைபடத்தில் பொறியாளர் கையெழுத்துப் போடுகிறார். கட்டடம் விழுந்தால் அந்தக் கையெழுத்தைத் தேடி வருவார்கள். நாம் எழுதும் நிரலின் அடியில் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நாமே மனதுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். பட்டயம் வாங்கி வெளியே போகும் நம்மைப் பலர் 'எஞ்சினியர் தம்பி' என்றுதான் கூப்பிடப் போகிறார்கள். அந்தச் சொல்லுக்கு அருகதை வேண்டாமா?

கடைசியாக ஒன்று. பிழையைத் திருத்தியதும் முதல் வேலையாக அந்த அக்காவிடம் கொண்டு போனேன். அவர் சுவரில் போட்டிருந்த கோடுகளை எண்ணச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். இந்த முறை இரண்டும் ஒத்துப்போயின. "இப்ப சரியா இருக்கு தம்பி. ஆனா நான் கோடு போடுறதை நிறுத்த மாட்டேன்" என்று சிரித்தார். மறுவாரம் அந்தச் சுவரையும் பூசிவிட்டார்கள். பூசுவதற்கு முன் மாமா வழக்கம்போல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு முறை பார்த்தார். பிறகுதான் கொத்தனார் கரண்டியை எடுத்தார்.

மூடுவதற்கு முன் பார்ப்போம், நண்பர்களே!